வேப்பிலை கட்டிய தீபாவளி

என்னிடம் புதிதாக மொழிபெயர்ப்பு வேலை கொண்டு வருகிறவர்கள் என்னைக் கறாரான பொம்பிளை என்றுதான் நினைப்பார்கள். பாதிப் பணம் முன்னால் வராமல் ஒரு பக்கத்தைக்கூடத் திறந்து பார்க்க மாட்டேன். மீதி வராமல் கடைசி அத்தியாயத்தை அனுப்ப மாட்டேன். "எங்கள நம்பலையா மிஸ்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு. "இல்லைங்க" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் சிரிப்பதில்லை.

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. பணம் கேட்டு எழுதும் ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் 'தயவுசெய்து' போட்டவள்தான். அந்த வருஷம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியே ஆக வேண்டிய ஆள் ஒருத்தி இருக்கிறாள், என் அக்கா. அவளிடமும் சொல்லவில்லை.

அப்போது பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா செத்துப் பல வருஷம். அம்மா கொழுந்தெடுத்தாள். அக்காவை நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்கு இரண்டு பையன்கள். நான் ஹட்டனில் ஒரு அச்சுக் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சம்பளத்தில் பாதி பஸ்சுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குமே போனதால், தவணைக்கு ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தேன். கொழும்பு ஏஜென்சிகள் மெயிலில் வேலை அனுப்பும். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ வருவதைத் தமிழாக்கி அனுப்புவேன். வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னலோரத்தில் மட்டும்தான். அதனால் காலையிலிருந்து பொழுதுசாயும்வரை ஜன்னலோரத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

இது என்ன தொழில் என்று லயத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. "அது சும்மா கம்பியூட்டர்ல படம் பாத்துக்கிட்டு இருக்கு" என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கும் விளங்கவில்லைதான். ஆனால் அவள் என்னை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. "எம்புள்ள கொழும்பு ஆபிஸ் வேல பாக்குது. இது ஆபிசுக்குப் போறதில்ல, ஆபிஸ்தான் இங்க வருது" என்று பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு உள்ளே கூச்சமாக இருக்கும். பிடித்தும் இருக்கும்.

தோட்டத்தில் சம்பளம் என்றால் பத்தாம் திகதி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அதாவது அரைநாள் சம்பளம். சங்கத்துக்குப் பிடிப்பார்கள், கோயிலுக்குப் பிடிப்பார்கள், வாங்கிய முற்பணத்துக்குப் பிடிப்பார்கள். எல்லாம் போக மிஞ்சுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஆனால் அந்த மிச்சம் பத்தாம் திகதி வந்துவிடும். அம்மாவின் வாழ்க்கையில் சம்பளம் குறைந்திருக்கிறது, வராமல் இருந்ததில்லை. வேலையை வாங்கிக்கொண்டு ஒரு ஆள் மாசக்கணக்கில் காசு தராமல் இருக்கலாம், அப்படி இருந்தும் அவரோடு நாம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

"அப்ப ஒன்னோட கணக்கப்புள்ள யாரு?" என்று கேட்டாள்.

தோட்டத்தில் பேர் போட்டுக் கணக்கு வைப்பவர்தான் கணக்கப்பிள்ளை. அப்படி ஒருவர் எனக்கு இல்லை என்றேன்.

"அப்ப யாருகிட்டப் போயி கேப்ப?"

நல்ல கேள்விதான்.

அந்த வருஷம் எனக்கு வந்தது, அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. கறவை மாடு வளர்ப்பவர்களுக்கான கையேடு. தடித்த புத்தகம். இரண்டு மாசம் முழுக்க மாடும் கன்றுமாகவே இருந்தேன். மடிவீக்கம், குளம்பு அழுகல், பால் வற்ற வைக்கும் முறை என்று ராத்திரி கனவிலும் வந்தது. "நம்மகிட்ட ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்ல, இது என்னடான்னா மாட்டுக்கு வைத்தியம் பாக்குது" என்று அம்மா கேலி செய்தாள். ஆடி மாசம் வேலையை முடித்து அனுப்பினேன். ஏஜென்சியில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். இன்வொய்ஸ் அனுப்பச் சொன்னார்கள். நாற்பத்தைந்து நாளில் பணம் வரும் என்றார்கள்.

நாற்பத்தைந்து நாள் போனது. அறுபதும் போனது. ஏஜென்சியில் என்னோடு பேசுகிற பெண்ணுக்குத் தேன் மாதிரி குரல். என்னைச் சிங்களத்தில் 'நங்கி' என்றுதான் கூப்பிடுவாள், தங்கச்சி என்று. அந்தக் குரலில் அவள் சொன்ன சமாதானங்களை எழுதி வைத்திருந்தால் மாட்டுக் கையேட்டைவிடத் தடிப்பாக ஒரு புத்தகம் வந்திருக்கும். கையெழுத்துப் போடுகிற மேடம் லீவில் இருந்தார். மேடம் வந்தபோது கணக்குப் பிரிவில் ஆள் மாறியிருந்தார். புது ஆளுக்குக் கோப்பு கிடைக்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும் "பரவாயில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எதற்குப் பரவாயில்லை என்று சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

புரட்டாசி முடிகிற சமயம் அவள் அடித்துச் சொன்னாள். "தீபாவளிக்கு முன்னால் கட்டாயம் போட்டுவிடுவோம் நங்கி. உங்கள் பெருநாள் என்று எங்களுக்குத் தெரியாதா?"

நான் அந்த வார்த்தையைப் பணமாகவே எடுத்துக்கொண்டேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

அந்த வாரம்தான் தோட்டத்தில் தீபாவளி அட்வான்சுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியாட்களுக்கு இது தெரியாது. தீபாவளிக்குச் சில நாள் முன்னால் தோட்டம் ஒரு தொகையை முற்பணமாகக் கொடுக்கும். பிறகு மாசாமாசம் சம்பளத்தில் பிடிக்கும். பிடித்து முடிகிற நேரம் அடுத்த தீபாவளி வந்து நிற்கும். மறுபடியும் அட்வான்ஸ், மறுபடியும் பிடிப்பு. அம்மா தோட்டத்தில் பேர் பதிந்த வருஷத்திலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தாள். ஒவ்வொரு பத்தாம் திகதியும் சம்பளத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "தின்னு தீத்த பலகாரத்துக்கு இன்னும் கட்டிக்கிட்டு இருக்கேன்" என்று முனகுவாள்.

"இந்த வருஷம் அட்வான்ஸ் எடுக்காதம்மா. என் காசு வந்துரும்" என்றேன். கொஞ்சம் தோரணையாகத்தான் சொன்னேன்.

"நெசமாவா புள்ள?"

"நெசமாத்தான். வாங்கி மாசாமாசம் ஏன் கட்டி அழுவணும்?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டு அத்தைதான் எனக்குச் சொன்னாள். எல்லாரும் வேலைக்குப் பிரிந்து போகிறதற்கு முன்னால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு அட்வான்சுக்கு எழுதினாராம். அம்மாவின் முறை வந்ததும், "எனக்கு வேணாங்க ஐயா. எம்புள்ள சம்பளம் வருதுங்க" என்றாளாம். கணக்கப்பிள்ளை பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "அப்ப எங்களுக்கும் ஆளுக்கொரு சேலை எடுத்துக் குடுத்துரு" என்று யாரோ பின்னாலிருந்து கத்த, பெரட்டே சிரித்ததாம். அம்மாவும் சிரித்தாளாம். "ஒங்கம்மா மூஞ்சிய நீ பாத்திருக்கணும்" என்றாள் அத்தை. நான் பார்க்கவில்லை. அந்த முகத்தை மட்டும் ஒரு தடவை பார்த்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

அன்றிலிருந்து அம்மா திட்டம் போடத் தொடங்கினாள். அக்காவுக்கு ஒரு நல்ல சேலை. மருமகனுக்குச் சேர்ட். பையன்கள் இரண்டு பேருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு. லயத்தில் சேர்ந்து ஆடு அடிக்கிறபோது ஒரு முழுப் பங்கு. அக்கா தீபாவளிக்கு முதல் நாள் வந்து மூன்று நாள் தங்குவதென்று பேச்சு. சின்னவன் வயிற்றில் வந்ததிலிருந்து, ஒரு வருஷத்துக்கு மேலாக, அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. வெறுங்கையோடு போய்ப் பேரனைப் பார்க்க அம்மாவுக்கும் மனசில்லை. இந்தத் தீபாவளிக்குத்தான் சின்னவனை முதன்முதலில் தாய்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவதாக இருந்தாள்.

இரண்டு வாரம் இருந்தது. ஒரு வாரம் ஆனது. பணம் வரவில்லை. தேன் குரல்காரி போனை எடுக்கவில்லை. நான் ஜன்னலில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அடித்தேன். மற்றவர்களுக்கு ஆபிசில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். லயத்தில் சீனியும் எண்ணெயும் துணிமணியும் வந்து இறங்கின. கடைசியில் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் போனை எடுத்தார். என் இன்வொய்சில் வங்கிக் கிளையின் பெயர் பிழையாம். திருத்தி அனுப்ப வேண்டுமாம். அடுத்த கொடுப்பனவு லீவு முடிந்த பிறகுதானாம். இதை ஏன் இரண்டு மாசத்துக்கு முன்னால் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. "சரி சார், நன்றி சார்" என்றேன்.

அன்று நான் எழுதிய கடிதம் இன்னும் என் மெயிலில் இருக்கிறது. மூன்று தயவுசெய்து, இரண்டு மன்னிக்கவும், கடைசியில் நன்றியுடன். தோட்டத்து ஆட்கள் கூரைத்தகரம் கேட்டுத் துரைக்கு எழுதுகிற மனு மாதிரியே இருக்கிறது. அந்த மனுக்களைச் சின்ன வயசில் லயத்தாருக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். கேட்கிறவர் குனிந்துதான் கேட்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கையே அப்படிப் பழகியிருந்தது.

அம்மா எனக்குத் தெரியாமல் ஆபிசுக்குப் போய், இப்போதாவது அட்வான்ஸ் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். பட்டியல் மேலே போய்விட்டது, இனி முடியாது என்று கிளாக்கர் சொல்லியிருக்கிறார். அவர் கோபமாகப் பேசவில்லையாம். திரும்பி வரும்போது லயத்து ஆட்கள் கண்ணில் படாமல் இருக்க மலையைச் சுற்றிக்கொண்டு மேல் ரோட்டால் வந்திருக்கிறாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"டவுனுல போன் கடை பாய்கிட்டக் கேட்டுப் பாக்குறேம்மா. தருவாரு" என்றேன்.

"பெரட்டுல நின்னு அட்வான்ஸ் வேணாம்னுட்டு, இப்ப கடைல போயி கடன் கேட்டா ரெண்டே நாள்ல லயம் பூராத் தெரிஞ்சிரும். வேணாம்."

"தெரிஞ்சாத் தெரிஞ்சிட்டுப் போவட்டும்."

"என்னைய சொன்னாக்கூடப் பரவால்ல. ஒன்னத்தான் சொல்லுவாங்க."

அன்று சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. பெரியவன் பட்டாசு பட்டாசு என்று உயிரை வாங்குகிறான் என்று சிரித்தாள். அம்மாவும் சிரித்துப் பேசிவிட்டு வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"ஒனக்கு அம்மை போட்டிருக்குன்னு சொல்லிருவோம்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் நன்றாக யோசித்துத்தான் சொன்னாள். அம்மை போட்ட வீட்டில் மாரியம்மன் இருக்கிறாள் என்பார்கள். சொந்தக்காரர்கள் வரக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கறி புழங்கக் கூடாது. புதுத் துணி கட்டக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை அந்த வீட்டில் எந்த விசேஷமும் கிடையாது. ஒரு வீட்டில் ஏன் தீபாவளி இல்லை என்பதற்கு இதைவிடக் கௌரவமான காரணம் எங்கள் ஊரில் இல்லை.

"சாமி விஷயம்மா" என்றேன்.

"சாமிக்குத் தெரியும். லயத்துக்குத் தெரியாது."

"அக்கா வர்றேன்னு இருக்கே."

"அடுத்த மாசம் வரட்டும். கைப்புள்ளைய வச்சிக்கிட்டு வந்து நம்ம வெறும் சட்டியப் பாக்குறதுக்கா? வர்ற புள்ளைக்கு ஒரு துணி கூட இல்லாம எப்புடி நிப்பேன் நானு?"

நான் மறுத்திருக்கலாம். எனக்கு இருபத்தெட்டு வயசு, நான் ஒன்றும் சின்னக் குழந்தை இல்லை. ஆனால் அந்த வெட்கம் என்னுடையது, அதற்கு மேல் தன் முந்தானையைப் போட்டு மூட அவள் தயாராக இருந்தாள். எனக்கு அது அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த உண்மையைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை.

எங்கள் குளிருக்கு வேம்பு வளராது. கினிகத்தேனைக்கும் கீழேயிருந்து பஸ்சில் வருகிற கொத்தைப் பூக்கடையில்தான் வாங்க வேண்டும். அம்மா விடியற்காலையில் போய் வாங்கி வந்து வாசல் நிலையில் கட்டினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். என்னை உள்ளறையில் பாயைப் போட்டுப் படுக்க வைத்து, குறுக்கே ஒரு சேலையைத் திரையாகக் கட்டினாள். பிறகு அக்காவுக்குப் போன் எடுத்தாள். என் காதுபடவே பேசினாள்.

"தங்கச்சிக்கு அம்மை போட்டிருச்சு பாப்பா. நீ வராத. சின்னவனுக்கு ஒட்டிக்கும்."

அந்தப் பக்கம் அக்கா அழுதது எனக்கும் கேட்டது. பிறகு என்னிடம் பேச வேண்டும் என்றாள். "மூஞ்சியக் காட்டுடி, ஒரு தரம் பாத்துக்கிறேன்" என்றாள். டேட்டா முடிந்துவிட்டது என்றேன். அதே டேட்டாவில்தான் அன்றும் ஏஜென்சிக்கு இரண்டு மெயில் அனுப்பியிருந்தேன். "சொறிஞ்சிராத. தழும்பு விழுந்துரும். எவ்வளவு அரிச்சாலும் கை வைக்காத" என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சரி சரி என்றேன்.

அம்மை போட்ட வீட்டு ஆள் என்பதால் அம்மாவும் நாலு நாள் மலைக்குப் போகவில்லை. அந்த நாலு நாள் பேரும் சம்பளமும் போனது. லயத்து ஆட்கள் வாசலோடு நின்று விசாரித்தார்கள். பெரட்டில் அம்மாவைக் கேலி செய்தவள்கூடச் செவ்விளநீர் இரண்டு கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனாள். எங்கள் மலையில் ஒரு இளநீர் என்ன விலை என்று எனக்குத் தெரியும். அட்வான்ஸ் காசில்தான் வாங்கியிருப்பாள். அம்மா அதை வெட்டி ஒரு டம்ளரில் ஊற்றி எனக்குத் தந்தாள். குடிக்க முடியவில்லை. "குடி. கொட்டுனா பாவம்" என்றாள்.

தீபாவளி அன்று விடிய மழை. பட்டாசுச் சத்தம் மேல் லயத்திலிருந்தும் கீழ் லயத்திலிருந்தும் கேட்டது. எங்கள் பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது. லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கினால் அடுத்த வீட்டில் மணக்கும். அன்று அத்தை வீட்டில் எண்ணெய் மணமே இல்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். அம்மா சுவரோரம் போய் நின்று கேட்டாள்.

"ஏன் அத்தாச்சி, முறுக்குச் சுடலையா?"

"எப்புடிச் சுடுறது? வாசம் அப்புடியே ஒங்க வீட்டுக்கு வருமே. மாரியாத்தா இருக்கிற எடம். புள்ளைங்களுக்கு அடுத்த வாரம் சுட்டுக் குடுத்துக்கலாம். மொதல்ல அது எந்திரிச்சு வரட்டும்."

சின்னப் பையன் ஒருவன் முறுக்கு வேண்டும் என்று சிணுங்குவதும், அத்தை அவனை அதட்டுவதும் கேட்டது. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். சத்தம் சுவரைத் தாண்டிவிடுமே. நான் திரைக்குப் பின்னாலிருந்து எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொல்லிருவோம்மா, போயி உண்மைய சொல்லிருவோம்" என்றேன். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அன்று நாங்கள் தாளிக்காத பருப்பும் சோறும் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் போனுக்கு வங்கி மெசேஜ் வந்தது. முழுப் பணமும் வந்திருந்தது. நான் அதை அம்மாவிடம் காட்டினேன். தொகையை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"இப்ப எப்புடிப் போயி எடுப்ப? இன்னும் தண்ணி ஊத்தலையே."

அவள் சொன்னது சரிதான். அம்மை போட்டவள் பொகவந்தலாவை டவுனில் வங்கி மெஷின் முன்னால் நின்றால் என்ன ஆவது? மெஷினில் எடுக்க அம்மாவுக்குத் தெரியாது. வேறு யாரையும் அனுப்பவும் முடியாது. ஆகவே நாலு மாசம் வராத பணம், வந்த பிறகும் பத்து நாள் சும்மா கிடந்தது. நான் அந்தப் பத்து நாளும் திரைக்குப் பின்னால் கிடந்தேன். தேன் குரல்காரி ஒரு மெயில் அனுப்பியிருந்தாள். பொறுமையாக இருந்ததற்கு நன்றி, இனிய தீபாவளி வாழ்த்துகள் என்று எழுதியிருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு கெட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் வாய்க்குள்ளேயே சொன்னேன்.

மூன்று தண்ணீரும் முறைப்படி ஊற்றினாள் அம்மா. பொய் அம்மைக்கு ஊற்றுகிறோம் என்பதற்காக ஒன்றையும் குறைக்கவில்லை. வேப்பிலை போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீர், மஞ்சள், எல்லாம். தலையில் ஊற்றும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் விரதம் இருக்கத் தொடங்கினாள். "எதுக்கும்மா இது?" என்றதற்கு, "ஆத்தா பேர வச்சுப் பொய் சொல்லிட்டோம்ல" என்றாள், அவ்வளவுதான்.

பிறகு டவுனுக்குப் போனோம். அக்காவுக்குச் சேலை, பையன்களுக்கு ஒரே நிறத்தில் உடுப்பு, எல்லாம் எடுத்தோம். அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கும் எடுத்தோம். நல்லதண்ணியில் சீசன் தொடங்கிவிட்டால் சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டத்தில் பஸ்சில் நிற்கவும் இடம் கிடைக்காது, அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிடுவோம் என்றாள் அம்மா. சின்னவனுக்கு என்று ஒரு கிலுக்கட்டையும் வாங்கினாள். பேரனை அவள் படத்தில்தான் பார்த்திருந்தாள்.

அந்த ஞாயிறு வருவதற்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை, பத்து மணிக் கொழுந்து நிறுக்கிற நேரம் அம்மா மலையில் உட்கார்ந்தாள். எழும்பவில்லை. கொழுந்து லொறியில்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே போய்விட்டாள். இதயம் ரொம்ப நாளாகவே பலவீனமாக இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். விரதம் இருந்தாள், அதனாலா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அவர் பொறுமையாக அதையே சொன்னார்.

அக்கா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி ஓடி வந்தாள். வாசலிலிருந்தே "ஒரு மாசத்துக்கு முன்னாடி வந்திருப்பேனே, வந்திருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்தாள். கை நழுவி விழுந்தது, மறுபடியும் எடுத்து வைத்தாள். பெண்கள் அவளைப் பிடித்து இழுத்தார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அந்த ஒரு மாசத்தை அவளிடமிருந்து எடுத்தது நான்தான் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு, அக்காவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். சின்னவன் தூங்கிவிட்டான். அம்மா எடுத்து வைத்திருந்த சேலையை அவள் மடியில் வைத்தேன். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றி, கன்னம், மூக்கோரம் என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"ஒரு தழும்பு கூட விழல பாத்தியா" என்றாள். "அம்மா ஒன்ன அவ்வளவு நல்லாப் பாத்திருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஆமாம் என்றேன்.